மண்ணின் கரிமப் பொருள்: சித்தூர் வட்டத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கத்துத் தமிழ் விவசாயிகள் மண் பரிசோதனை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றித்தான் வருகின்றன: கரிமப் பொருள் எதனால் ஆனது, எங்கிருந்து வருகிறது, ஏன் நம் நிலத்தில் தங்க மறுக்கிறது. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். முன்பதிலில் சொன்னதைப் பின்பதிலில் திரும்பச் சொல்லவில்லை என்பதால் முதலிலிருந்து படிப்பது நல்லது.

1. கரிமப் பொருள்னா என்னங்க? தொழு உரத்தைத்தான் அப்படிச் சொல்றாங்களா?

உயிருள்ளவற்றிலிருந்து வந்து, மண்ணோடு கலந்து, சிதைவின் ஏதோ ஒரு கட்டத்தில் இருக்கும் கார்பன் சேர்மங்கள் அனைத்தும் சேர்ந்ததே கரிமப் பொருள். நேற்று அறுந்த வேர்நுனி, பாதி மக்கிய சோளத்தட்டை, செத்த பாக்டீரியாவின் செல்சுவர், களித்துகளில் ஒட்டிக்கொண்டு பல நூறாண்டுகளாகக் கிடக்கும் சர்க்கரைத் துணுக்கு, என்றோ எரிந்த கொள்ளியின் கரி எல்லாமே இதில் அடங்கும். கார்பனோடு ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகியவையும் இதில் பிணைந்திருக்கின்றன.

தொழு உரம் இது மண்ணுக்குள் வரும் வழிகளில் ஒன்று மட்டுமே. ஆய்வகத்தில் மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்த பிறகே அளப்பதால், சல்லடையின் மேல் நிற்கும் மட்டைத் துண்டும் தடித்த வேரும் கணக்கில் வருவதில்லை.

2. அட்டையில 'ஜைவ கார்பன் 0.45'னு மலையாளத்துல போட்டிருக்கு. அதுதான் கரிமப் பொருளோட அளவா?

இல்லை, அது கரிமப் பொருளில் உள்ள கார்பனின் அளவு மட்டுமே. கரிமப் பொருளின் எடையில் 58 சதவீதம் கார்பன் என்ற பழைய மதிப்பீட்டின்படி, அட்டையில் உள்ள எண்ணை 1.724 ஆல் பெருக்கினால் கரிமப் பொருளின் அளவு கிடைக்கும், 0.45 என்றால் ஏறத்தாழ 0.78 சதவீதம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து புழங்கும் இந்தப் பெருக்கெண் எல்லா மண்ணுக்கும் பொருந்துவதில்லை. பல மண்களுக்கு 2 என்று வைத்துக்கொள்வதே உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

அளக்கும் முறை வாக்லி, பிளாக் ஆகிய இருவர் 1934இல் வெளியிட்டது. மண்ணில் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் அடர் கந்தக அமிலத்தையும் ஊற்றி, கார்பனை ஆக்சிஜனேற்ற எவ்வளவு டைகுரோமேட் செலவானது என்று பார்ப்பார்கள். இந்தியாவில் பொதுவாக 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று வகைப்படுத்துகிறார்கள்.

3. இதெல்லாம் மேல விழற இலைதழையில இருந்து வர்றதுதானே?

தொடக்கம் இலையில்தான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சூரிய ஒளியால் சர்க்கரையாக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. ஆனால் அந்தக் கார்பன் மண்ணுக்குள் நுழையும் முக்கிய வாசல் வேர். உயிரோடு இருக்கும்போதே வேர் சர்க்கரைகளையும் கரிம அமிலங்களையும் அமினோ அமிலங்களையும் சுற்றிலும் கசியவிடுகிறது. நிலத்தின் மேல் விழும் இலையைவிட, நிலத்துக்குள் சாகும் வேரின் கார்பன் மண்ணில் கூடுதலாகத் தங்குகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேர் களித்துகளுக்கு நடுவிலேயே கிடந்து மக்குவதே அதற்குக் காரணம்.

இரண்டாவது பிறப்பிடம் பலரும் நினைத்துப் பார்க்காதது. இலையோ வேரோ அப்படியே கரிமப் பொருளாகிவிடுவதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் அதைத் தின்று, பெரும்பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றி, மிச்சத்தைத் தங்கள் உடலாக்கிக்கொள்கின்றன. பிறகு அவை சாகின்றன. அந்தச் சடலங்களே மண்ணில் தங்குகின்றன. குளுக்கோசமைன், மியூராமிக் அமிலம் என்ற இரண்டு அமினோ சர்க்கரைகளே இதற்குச் சாட்சி. முதலாவது பெரும்பாலும் பூஞ்சைச் சுவரின் கைட்டினிலிருந்தும், இரண்டாவது பாக்டீரியாவின் சுவரிலிருந்தும் வருகின்றன. செடிகளில் இவை இருப்பதாகவே சொல்ல முடியாது. இவற்றை அளந்து கணக்கிட்ட பல ஆய்வுகளில், சாகுபடி நிலத்துக் கார்பனில் ஏறத்தாழப் பாதி நுண்ணுயிர்களின் எச்சம் என்று வருகிறது.

4. ஒரு இலைக்குள்ள என்னென்ன இருக்கு? எது முதல்ல மக்கும்?

கரையும் சர்க்கரை, மாவு, புரதம் ஆகியவை சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் தீர்ந்துவிடும். அடுத்தது ஹெமிசெல்லுலோசும் செல்லுலோசும். செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் நேர்கோட்டில் கோத்த சங்கிலி. அதை அறுக்கும் நொதி பல பூஞ்சைகளிடமும் பாக்டீரியாக்களிடமும் இருப்பதால், ஈரமும் நைட்ரஜனும் இருந்தால் மாதக்கணக்கில் மக்கும். இலையின் மேல்தோலிலுள்ள மெழுகும் கியூட்டினும், வேர்ப்பட்டையிலுள்ள சுபெரினும் இன்னும் மெதுவாகப் போகும்.

லிக்னின் தனி ரகம். அது ஒரே மாதிரியான கோவைச் சங்கிலி அல்ல. பென்சீன் வளையமும் மூன்று கார்பன் வாலும் கொண்ட மூன்று வகை ஆல்கஹால்கள் தாறுமாறாகப் பல கோணங்களில் பிணைந்த வலை. எந்த இடத்தில் அறுப்பது என்று நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. மரத்தை வெள்ளையாக உளுத்துப்போகச் செய்யும் வெண்ணழுகல் பூஞ்சைகள் பெராக்சிடேஸ், லாக்கேஸ் ஆகிய நொதிகளால் அதை எரித்து உடைப்பதுபோல் உடைக்கின்றன. தென்னை நார்க்கழிவில் லிக்னின் சுமார் 30 சதவீதம் இருப்பதால்தான், கொடாப்புப் போட்டதுபோல் குவித்து வைத்த கழிவு வருடக்கணக்கில் நிறம் மாறாமல் கிடக்கிறது.

5. ஹியூமஸ்னு மக்காத ஒரு பெரிய மூலக்கூறு உருவாகும்னு படிச்சோமே, அதோட அமைப்பு என்ன?

அப்படித்தான் வெகுகாலம் கற்பித்தார்கள். 1786இல் பெர்லினில் அச்சார்ட் என்ற வேதியியலாளர் கரிப்படிவ மண்ணைக் காரத்தில் ஊறவைத்துக் கறுப்புக் கரைசல் ஒன்றைப் பிரித்தெடுத்து, அதில் அமிலம் சேர்த்தபோது கறுத்த வீழ்படிவு கிடைத்தது. பின்னாளில் அந்த வீழ்படிவுக்கு ஹியூமிக் அமிலம் என்றும், அமிலத்திலும் கரைந்தே நிற்கும் மஞ்சள் பகுதிக்குப் பல்விக் அமிலம் என்றும், காரத்திலும் கரையாத பகுதிக்கு ஹியூமின் என்றும் பெயர்கள் வந்தன. லிக்னின் துண்டுகளும் புரதமும் மண்ணுக்குள் புதிதாகப் பிணைந்து, நுண்ணுயிர் தொட முடியாத ராட்சத மூலக்கூறாக ஆகின்றன என்ற கருத்து இதன்மேல் கட்டப்பட்டது. பாடப்புத்தகங்களில் அதற்குப் படம்கூட இருக்கும்.

சிக்கல் எங்கே என்றால், பிரித்தெடுக்கும் முறையில். பி.எச். 13 அளவிலான காரம் மண்ணில் எந்தக் காலத்திலும் இருப்பதில்லை. அந்தக் காரம், பிரிக்கப் போன பொருளையே மாற்றிவிடுகிறது. ஸ்ட்ரெப்டோமைசினுக்காக 1952இல் நோபல் பரிசு பெற்ற வாக்ஸ்மன், அதற்கு முன்பு மண்ணை ஆராய்ந்த காலத்திலேயே இந்தப் பெயர்களைக் கைவிட வேண்டும் என்று எழுதினார், கேட்டவர்கள் குறைவு. பிறகு, காரத்தில் கரைக்காமலே மண்ணைப் பார்க்க வழி பிறந்தது. எந்தக் கார்பன் எதோடு பிணைந்திருக்கிறது என்று காட்டும் கார்பன் 13 அணுக்கரு காந்த ஒத்ததிர்வு முறையில் பார்த்தால் தெரிவது சர்க்கரைகள், புரதம், கொழுப்பு, லிக்னின் துண்டு, கரி என்று ஏற்கெனவே பெயர் தெரிந்த சேர்மங்களே. பல மேல்மண்களில் சர்க்கரை வகையின் பங்கே கூடுதல். மண்ணின் கரிம நைட்ரஜனும் பெரும்பாலும் புரதத்தில் உள்ள அமைடு பிணைப்பிலேயே இருக்கிறது.

லேமன், கிளேபர் ஆகிய இரு மண்ணியலாளர்கள் 2015இல் இதைத் தொகுத்து முன்வைத்த பார்வையின்படி, பெரிய மூலக்கூறு படிப்படியாகச் சிறியதாக உடைகிறது. உடைய உடைய அதில் ஆக்சிஜன் ஏறி, நீரில் கரையவும் கனிமத்தில் ஒட்டவும் தகுதி பெறுகிறது. இந்தத் தொடரின் ஏதோ ஒரு படியில் ஒவ்வொரு துண்டும் இருக்கிறது. ஆகவே கரிமப் பொருளுக்கு ஒரு அமைப்பு வாய்பாடு எழுத முடியாது. ஹியூமிக் அமில ஆராய்ச்சியை விட்டுக்கொடுக்காத அறிவியலாளர்கள் இன்றும் உண்டு, வாதம் முடிந்துவிடவில்லை. ஆனாலும் சான்றுகள் புதிய பார்வையின் பக்கமே கனமாக இருக்கின்றன என்பது என் முடிவு.

6. சர்க்கரையும் புரதமும் நாலு நாள்ல மக்கும்னு சொல்லிட்டு, அதுவே நூறு வருஷம் தங்கும்னா எப்படிங்க?

இந்தத் தலைப்பிலேயே சாரமான கேள்வி இதுதான். ஒரு சேர்மம் தங்குமா போகுமா என்பதை அதன் அமைப்பைவிட அது இருக்கும் இடமே பெரிதும் தீர்மானிக்கிறது. பூட்டிய அறைக்குள் இருக்கும் பலகாரம் எவ்வளவு ருசியானதாக இருந்தாலும் எறும்புக்கு எட்டாது.

மண்ணில் பூட்டு இரண்டு வகை. முதலாவது வேதிப் பிணைப்பு: கரிமத் துண்டிலுள்ள கார்பாக்சில் என்ற அமிலத் தொகுதி இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேற்பரப்பில் நேரடியாகப் பிணைகிறது, களியின் எதிர்மின்னூட்டத்துக்கும் கரிமத் துண்டின் எதிர்மின்னூட்டத்துக்கும் நடுவே கால்சியம் பாலமாக நிற்கிறது. இரண்டாவது மண்கட்டி: நுண்ணிய மண்மணிகளின் உள்துளைகளுக்குள் சிக்கியதை நொதியோ ஆக்சிஜனோ எளிதில் எட்டுவதில்லை. வரப்போரம் புல் வேரோடிய இடத்திலிருந்து ஒரு கட்டியையும், ஆண்டுதோறும் ரொட்டவேட்டர் ஓடும் நடுக்காட்டிலிருந்து ஒரு கட்டியையும் நிழலில் உலர்த்தி, இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்கிப் பாருங்கள். நடுக்காட்டுக் கட்டி பெரும்பாலும் குமிழி விட்டுச் சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் கலக்கும். வரப்புக் கட்டி வடிவம் குலையாமல் நிற்கும். உதிரும் ஒவ்வொரு கட்டியிலும் உள்ளே ஒளிந்திருந்த கார்பன் நுண்ணுயிர்க்குத் திறந்துவிடப்படுகிறது. உழவு கரிமத்தைக் குறைப்பதன் காரணம் பெரிதும் இதுவே.

7. எங்க காடு கரிசல், கறுகறுன்னு இருக்கு. அப்போ கரிமப் பொருள் ஏகமா இருக்கணுமே, அட்டை ஏன் குறைச்சல்ங்குது?

கேரளத்தில் கரிசல் மண் சித்தூர் வட்டத்தில் மட்டுமே இருப்பதால், மற்ற ஊர்க்காரர்கள் இந்த நிறத்தைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. கரிசலின் கறுப்பு, கரிமத்தின் அளவைக் காட்டுவதில்லை. விரிந்து சுருங்கும் ஸ்மெக்டைட் வகைக் களியோடு கொஞ்சம் கரிமம் இறுகப் பிணைந்தாலே முழு மண்ணும் கறுத்துவிடும். டைட்டானியம் கலந்த மேக்னடைட் கனிமத்தையும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள். மணல் மண்ணில் இதே அளவு கரிமம் இருந்தால் வெளிர் சாம்பலாகத்தான் தெரியும்.

அளவு குறையக் காரணம் தட்பவெப்பம். கேரளத்தின் ஆண்டுச் சராசரி மழை 3,000 மி.மீ.யை ஒட்டியது, நம் கிழக்குப் பகுதி மழைமறைவில் கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் கோடை வெயிலும் சேர்ந்து, பயிர் கொடுக்கும் கார்பன் குறைவாகவும் மக்கும் வேகம் கூடுதலாகவும் இருக்கின்றன. வெப்பம் 10 டிகிரி ஏறினால் மக்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும்.

8. மேற்கே மழைக்கும் மரத்துக்கும் குறைவில்லை. அங்க செம்மண்ணு ஏன் கறுக்கல?

புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலப்புறத்து அங்ஙாடிப்புறத்தில் கண்டு 1807இல் உலகுக்கு விவரித்த வெட்டுக்கல் பூமி அது. மழையில் சிலிக்காவும் கால்சியமும் கழுவிப்போய், கயோலினைட் களியும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் மிஞ்சிய மண். ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடின் சிவப்பு எந்தக் கறுப்பையும் மூடிவிடும் என்பதால், பார்வைக்குச் சிவந்த அந்த மண்ணில் நம் கரிசலைவிடக் கூடுதலாகக் கரிமம் இருப்பது சகஜம்.

நெல்லியாம்பதி மலைக்கு ஏறினால் குளிரும் நிழலும் சேர்ந்து கரிமத்தைக் கூட்டுகின்றன. காட்டுக்குள் மேல்மண் கறுத்தே இருக்கும். குட்டநாட்டின் கரி நிலங்களோ இன்னொரு எல்லை: தண்ணீருக்கடியில் ஆக்சிஜன் இல்லாமல் பழங்கால மரத்தண்டுகூட மக்காமல் புதைந்து கிடக்கிறது. அங்கே கரிமம் ஏராளம், ஆனால் உடனிருக்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றுப்பட்டால் கந்தக அமிலமாகி பி.எச். 4க்கும் கீழே இறங்கிவிடும். கரிமம் அதிகம் என்றாலே வளம் அதிகம் என்று சொல்ல முடியாததற்கு அந்த நிலமே போதும்.

9. சத்தைப் பிடிச்சு வைக்கும்னு சொல்றாங்களே, எதை வெச்சுப் பிடிக்குது?

6ஆம் பதிலில் வந்த அதே கார்பாக்சில் தொகுதிதான். மண்ணின் பி.எச். 5ஐத் தாண்டினால் அதிலுள்ள ஹைட்ரஜன் பெருமளவு விலகி எதிர்மின்னூட்டம் நிற்கிறது. அதில் பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், அம்மோனியம் ஆகியவை ஒட்டிக்கொள்கின்றன. பீனால் தொகுதிகள் இன்னும் உயர்ந்த பி.எச்.சில்தான் அவ்வாறு திறக்கும். துத்தநாகம், தாமிரம், இரும்பு போன்றவற்றை இரண்டு மூன்று தொகுதிகள் ஒருசேரக் கவ்விப் பிடிப்பதும் உண்டு. கயோலினைட்டுக்குப் பிடிப்புத்திறன் மிகக் குறைவு என்பதால், இந்த உதவி கரிசலைவிடச் செம்மண்ணுக்கே பெரிது.

10. அப்போ செடி இந்த ஹியூமஸைச் சாப்பிட்டுத்தான் வளருதா?

இல்லை. அப்படி நம்பிய காலம் உண்டு. 1840இல் லீபிக் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அந்தக் கொள்கையை வலுவாக எதிர்த்தார். செடிக்குக் கார்பன் காற்றிலிருந்தே வருகிறது. கரிமத்தை நுண்ணுயிர்கள் உடைக்கும்போது வெளிவரும் அம்மோனியம், நைட்ரேட், பாஸ்பேட், சல்பேட் ஆகியவற்றையே வேர் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது.

11. நார்க்கழிவு ரெண்டு லோடு கொட்டி உழுதேன், சோளம் மஞ்சளடிச்சுப் போச்சு. ஏன்?

நுண்ணுயிரின் உடலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சுமார் 8 பங்கு கார்பன் இருக்கும். கார்பனில் ஒரு பகுதியை மூச்சாக விட்டுவிடுவதால், அதன் தீனியில் 25க்கு ஒன்று என்ற அளவில் நைட்ரஜன் இருந்தால் கணக்கு நேராகும். பச்சை நார்க்கழிவில் அந்த விகிதம் 100க்கு ஒன்று என்ற அளவில் இருக்கிறது. பற்றாக்குறையை நுண்ணுயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கிறது, பயிர் தவிக்கிறது. சில மாதங்களில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் அந்தப் போகத்துக்கு உதவாது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் வழி, சிப்பிக்காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காகத் தூவி ஈரம் காத்து மக்கவைத்துவிட்டுப் போடுவது. சிப்பிக்காளான் 4ஆம் பதிலில் சொன்ன வெண்ணழுகல் பூஞ்சை வகையே. மக்கவைக்க நேரமில்லை என்றால், உழாமல் தென்னைக்கு மூடாக்காகப் பரப்பிவிடுங்கள். மேலே கிடப்பது மண்ணின் நைட்ரஜனை அவ்வளவாக இழுக்காது.

12. கடையில ஹியூமிக் அமிலம் பாட்டில் விக்கறாங்க. ஊத்தினா கரிமம் ஏறுமா?

ஏறாது. நெய்வேலியில் கிடைப்பதுபோன்ற பழுப்பு நிலக்கரியையோ அதன் சிதைந்த வகையையோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து எடுப்பதுதான் பெரும்பாலும் அந்தப் பாட்டிலில் இருப்பது. அச்சார்டின் பழைய முறையே. ஏக்கருக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றினால் சேரும் கார்பன் சில நூறு கிராம். சில சோதனைகளில் வேர் வளர்ச்சி கூடியிருக்கிறது, சிலவற்றில் ஒன்றும் நடக்கவில்லை. வேர்த்தூண்டி என்று வாங்குவது அவரவர் விருப்பம். கரிமம் கூட்ட என்று வாங்கினால் காசு வீண்.

13. ஜீவாமிர்தம்?

200 லிட்டருக்கு 10 கிலோ பச்சைச் சாணம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு என்பது வழக்கமான கணக்கு. சாணத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், ஒரு ஏக்கருக்கு ஒருமுறை சேரும் கார்பன் மூன்று கிலோவைத் தாண்டாது. நுண்ணுயிருக்குத் தூண்டுதலாக இருக்கலாம். அந்த நுண்ணுயிர் தின்ன மூடாக்கோ தழையோ நிலத்தில் இருக்க வேண்டும்.

14. மட்டையை எரிச்சா கரியாகுது. கரியும் கார்பன்தானே, எரிச்சா என்ன தப்பு?

திறந்தவெளியில் எரித்தால் கார்பனின் பெரும்பகுதி புகையோடும் நைட்ரஜன் வாயுவாகவும் போய்விடும். சாம்பலில் பொட்டாசியமும் கால்சியமும் மிஞ்சும். மிஞ்சும் சிறு கரியில் பென்சீன் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தகடுபோல் ஆகிவிடுவதால் அது மிக மெதுவாகவே மக்கும். அமைப்பே காவலாக நிற்பது இங்கேதான், 6ஆம் பதிலின் விதிக்கு இது ஒரு விலக்கு. காற்றோட்டத்தைக் கட்டுப்படுத்திச் சுட்டால் கூடுதல் கரி கிடைக்கும். ஆனால் கரியில் நுண்ணுயிருக்குத் தீனி இல்லை. நறுக்கிய மட்டை செய்யும் வேலையை அது செய்யாது.

15. மண்ணுல இருக்கிற கார்பன் பழசா புதுசான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

இரண்டு வழி. 5,730 ஆண்டு அரை ஆயுள் கொண்ட கார்பன் 14 எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்துச் சராசரி வயதைச் சொல்வார்கள். ஆழத்துக்குப் போகப்போக அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஏறும். ஆனால் அது சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது, ஒரே பிடி மண்ணில் போன வாரத்துக் கார்பனும் அதற்குள் இருக்கிறது.

இரண்டாவது வழி நம் பயிர்முறைக்குப் பொருத்தமானது. நெல் போன்ற பயிர்களில், கார்பன் 13 என்ற சற்றே கனமான கார்பனின் அளவு, ஒரு பொதுத் தர அளவோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்குக் கழித்தல் 27 என்ற குறியீட்டை ஒட்டியும், கரும்பு, சோளம், மக்காச்சோளத்தில் கழித்தல் 13ஐ ஒட்டியும் இருக்கும். நெல் வயல் கரும்புத் தோட்டமாக மாறிய நிலத்தில் இந்த எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், கரும்பு வந்தபின் சேர்ந்த பங்கைப் பிரித்துச் சொல்லிவிடலாம்.

16. வருஷம் ஏக்கருக்கு 5 டன் எரு போட்டா, 0.45 எப்போ 1 ஆகும்?

ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்து மண்ணின் எடை ஏறத்தாழ 9 லட்சம் கிலோ. 0.45ஐ 1 ஆக்க, மண்ணில் நிலையாக நிற்க வேண்டிய கூடுதல் கார்பன் சுமார் 5,000 கிலோ. 5 டன் எருவில் பாதி தண்ணீர். மீதியில் மூன்றில் ஒரு பங்கு கார்பன் என்றால் சுமார் 800 கிலோ. நம் வெயிலில் ஓராண்டு கழித்து அதில் ஐந்தில் ஒரு பங்கு நின்றால் 160 கிலோ. இன்னொரு பக்கம், ஏற்கெனவே உள்ள 4,000 கிலோவில் ஆண்டுக்கு நூற்றுக்கு 3 வீதம் கரைகிறது என்று வைத்துக்கொண்டாலும் 120 கிலோ போய்விடும். மிச்சம் 40 கிலோ.

எரு மட்டும் போட்டு 1ஐத் தொடுவது இந்த மண்ணில் நடக்கிற காரியமல்ல. கணக்கை மாற்றக்கூடியது, கரைவதைக் குறைப்பதும் வேர்வழி வரவைக் கூட்டுவதும்தான்: உழவைக் குறைத்தல், தென்னந்தோப்பின் நடுவெளியில் ஆண்டு முழுதும் ஏதாவது வேரோடு நிற்கும்படி கொள்ளோ சணப்பையோ கொழிஞ்சியோ விதைத்தல், மட்டையை எரிக்காமல் மூடாக்கிடுதல். ஐந்தாண்டில் 0.45 என்பது 0.6 ஆனாலே அது நல்ல தேர்ச்சி.

17. ஒரே காட்டு மண்ணை ரெண்டு இடத்துல குடுத்தேன். ஒண்ணுல 0.5, இன்னொண்ணுல 1.3. யாரை நம்பறது?

முதலில் எடுத்த ஆழமும் இடமும் ஒன்றா என்று பாருங்கள். தென்னை அடியில் எடுத்ததும் நடுவெளியில் எடுத்ததும் ஒத்துவராது. அடுத்து முறையைக் கேளுங்கள். மண்ணை உலையில் எரித்து எடை இழப்பைப் பார்க்கும் முறையில், களிக்குள் பிணைந்திருக்கும் நீரும் வெளியேறுவதால் கரிசலுக்குக் கூடுதலாகக் காட்டும். வாக்லி பிளாக் முறையோ கரியை முழுதாக எட்டுவதில்லை. மொத்தக் கரிமக் கார்பனில் சராசரியாக 77 சதவீதமே பிடிபடும் என்று கொண்டு திருத்தெண் போடுகிறார்கள்.

உயர்வெப்பத்தில் எரித்து மொத்தக் கார்பனை அளக்கும் கருவியில் கொடுத்திருந்தால், நம் மண்ணில் வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் சுக்கானாகவே இருக்கும். கரிசலில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் அந்தச் சுண்ணாம்புக் கற்களும் கால்சியம் கார்பனேட் என்பதால் கருவி அதையும் கார்பனாக எண்ணிவிடும். டைகுரோமேட் அதை எண்ணாது. மண்ணின்மேல் இரண்டு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுரைத்தால், அமிலத்தால் கார்பனேட்டை நீக்கிவிட்டு மறுபடி அளக்கும்படி கேட்க வேண்டும். அப்படிச் செய்ய வசதியில்லாத இடம் என்றால் 0.5ஐயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.